ஒரு பிடி மருதம்பட்டை

"இட்லியில எதுக்குப் பிள்ளே மஞ்சப்பொடி போட்ட?"

மாமா விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். குலசேகரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரே கொப்பரையில் வெந்த இட்லிதான் இரண்டு தட்டிலும். என் தட்டில் வெள்ளை வெளேரென்று இருந்தது. மாமி அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க" என்றாள். அவர் கழற்றினார், வேட்டி நுனியால் துடைத்தார், மாட்டினார், மறுபடி இட்லியைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

ஐந்தாறு நாளாகவே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீன்கறி வாசம் வந்தாலே குமட்டுகிறது என்றார். குமரி மாவட்டத்தில் பிறந்த ஒருவர் மீன்கறி வேண்டாம் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. மஞ்சளாகத் தெரிகிறது என்றதும், காமாலையாக இருக்குமோ, கீழாநெல்லி அரைக்கலாமா என்று பேச்சு அந்தப் பக்கம் போனது. நான் எதற்கோ அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வரலாமா வேண்டாமா என்று நின்று யோசித்துவிட்டு வந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு 44.

மாமாவுக்கு 71 வயது. நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாரடைப்பு. அதிலிருந்து இதயம் பழைய வலுவில் இல்லை, துடிப்பும் தாளம் தவறித்தான் ஓடுகிறது. மாத்திரைகள் ஒரு டப்பா நிறைய உண்டு. அதில் இரண்டுதான் இங்கே முக்கியம். ஒன்று, காலில் நீர் கோக்காமல் இருக்க ஃப்ரூஸமைடு; வீட்டில் அதற்கு 'ஒண்ணுக்குப் போற மாத்திரை' என்று பெயர். இன்னொன்று, இதயத்துக்கான டிகாக்சின். அதை வாரத்தில் ஐந்து நாள் மட்டும் போட வேண்டும், சனி ஞாயிறு வேண்டாம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். மாமாவுக்கு அது பெரிய வேடிக்கை. "கேட்டியா மக்கா, இந்த மாத்திரைக்கு மட்டும் பேங்க் மாதிரி லீவு உண்டு" என்பார்.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஈசிஜி காகிதத்தை நீளமாக விரித்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை தவிர வேற ஏதாவது சாப்பிடுறீங்களா ஐயா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

மாமி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாமா இரண்டு மாதமாக மருதம்பட்டைக் கஷாயம் குடிப்பது எங்கள் குடும்பத்தில் குழந்தை குட்டிக்கெல்லாம் தெரியும். காலையில் நடக்கப் போகும் இடத்தில் யாரோ சொன்னது; நெஞ்சடைப்புக்கு அதை மிஞ்சின மருந்து இல்லையாம். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார். வைத்தியரிடம் போனால் இங்கிலீஷ் மருந்தைப் பற்றி வாய் திறப்பதில்லை, அவரும் திட்டுவார். ஆக இருவருக்கும் பாதிப் பாதி ஆள்தான் காட்டப்படுகிறான்.

கடைசியில் மாமிதான் ஒயர் கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அவர் கத்தவில்லை. "மருதம்பட்டை, சரி. வேற?" என்றார்.

"இருமலுக்கு அதிமதுரம்" என்றாள் மாமி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?"

"ஆறு வாரம் இருக்கும்."

அந்த அதிமதுரத்தை வாங்கிக் கொடுத்தவன் நான். கோட்டாறு கடைத்தெருவில், நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ. மூன்று வாரத்தில் தீர்ந்துவிட்டது என்றதும் இன்னொரு கால் கிலோ. இருமலுக்குத் தரும் அதிமதுரத்தில் என்ன இருக்கிறது, குழந்தைக்கே கொடுப்பார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். பழி போட மருதம்பட்டை கையில் கிடைத்ததே என்று ஒரு நிம்மதிகூட அந்த அரை நிமிடம் எனக்குள் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.7 என்று வந்தது. 3.5க்குக் கீழே போகக் கூடாது. மாமாவைத் தீவிரக் கவனிப்பில் படுக்க வைத்து, டிகாக்சினை நிறுத்தி, பொட்டாசியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மூன்று நாள் மானிட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு வெளியே பெஞ்சில் கிடந்தேன். என்ன நடந்தது என்பது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தபோதும், ரவுண்ட்ஸ் முடித்து வந்த டாக்டரைப் பிடித்துக் கேட்டபோதும்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்ப் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ. 1957இல், நண்டுக் கால் நரம்புகளை வைத்து. அதற்கு 1997இல் நோபல் கொடுத்தார்கள். நாம் கடித்துத் துப்பும் நண்டுக் காலில் இவ்வளவு விஷயம் இருந்திருக்கிறது. டிகாக்சின் செய்கிற வேலை, இந்தப் பம்பை லேசாக அடைப்பதுதான். அடைத்தால் இதயச் செல்லுக்குள் சோடியம் தேங்கும். சோடியம் தேங்கினால் கால்சியம் வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்கும். கால்சியம் கூடினால் தசை இன்னும் இறுக்கமாகச் சுருங்கும். களைத்த இதயம் கொஞ்சம் ஊக்கமாக அடிக்கும். கூடவே, மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்சாரத்தின் வேகமும் குறையும். தாளம் தவறி ஓடும் இதயத்துக்கு அதுவும் நல்லதுதான்.

பொட்டாசியமும் டிகாக்சினும் அந்தப் பம்பில் போட்டி போடுபவை. ரத்தத்தில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் டிகாக்சினை ஓரளவு தள்ளி நிறுத்தும். பொட்டாசியம் குறைந்தால் அதே அரை மாத்திரை இரண்டு மாத்திரை மாதிரி வேலை செய்யும். ஒண்ணுக்குப் போற மாத்திரை ஏற்கெனவே பொட்டாசியத்தைச் சிறுநீரில் இறக்கிக்கொண்டிருந்தது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் அதே வேலையை வேறு வழியில் செய்கிறது. சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் ஒரு நொதியை அது முடக்கிவிடும். கார்டிசால் கட்டவிழ்ந்து, உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைத்து, பொட்டாசியத்தை வெளியே விரட்டும். அதாவது, காலில் நீர் கோக்காமல் இருக்க ஒரு மாத்திரையும், நீர் கோக்க வைக்கும் ஒரு வேரும், இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டிருந்தார் மாமா. பொட்டாசியத்தை விரட்டுவதில் மட்டும் இரண்டும் ஒற்றுமை.

அமெரிக்க மருந்து நிர்வாகமே அதிமதுரம் சேர்த்த கறுப்பு மிட்டாய் பற்றி எச்சரித்திருக்கிறது. நாற்பது வயது தாண்டியவர்கள் ஒரு நாளைக்கு 57 கிராம் வீதம் இரண்டு வாரம் தின்றால் இதயத் துடிப்பு தடுமாறி ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம் என்று. மிட்டாய்க்கே இப்படி. மாமா குடித்தது நேரடியாக வேர்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்ததும், டிகாக்சின் எங்கிருந்து வருகிறது என்று சொன்னேன். ஃபாக்ஸ்குளோவ் என்று ஐரோப்பாவில் ஒரு பூச்செடி. மணி மணியாகப் பூக்கும். அதன் ஓர் இனத்து இலையிலிருந்து 1930இல் சிட்னி ஸ்மித் என்பவர் டிகாக்சினைப் பிரித்தெடுத்தார். இன்றைக்கும் ஆலைகளில் அந்த இலையிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே, "அப்போ இதுவும் பச்சமருந்துதானா?" என்றார். "இத இங்கிலீஷ் மருந்துன்னு சொல்லி நீங்க என்ன பயமுறுத்தினியளே."

அவருக்கு மூச்சு வாங்கவில்லை என்றால் அந்தச் செடியின் கதையையும் சொல்லியிருப்பேன். எனக்கு அது மிகவும் பிடித்த கதை. 1775 வாக்கில் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில டாக்டரிடம், ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி நீர்க்கோவைக்குக் கொடுக்கும் குடும்ப மருந்து ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார்கள். அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ்தான் என்று விதரிங் கண்டுகொள்கிறார். செடியைக் கண்டுபிடித்தது அவர் அல்ல. அது கிழவி கையில் ஏற்கெனவே இருந்தது. அவர் செய்தது, எந்தப் பருவத்தில் இலை பறிப்பது, எவ்வளவு உலர்த்துவது, எத்தனை குறுணை கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று பத்து வருடம் ஒவ்வொரு நோயாளியாக எழுதி வைத்தது. பலன் கிடைக்காதவர்களையும் மறைக்காமல் எழுதினார். 1785இல் அது புத்தகமாக வந்தது. அளவு கூடினால் என்ன ஆகும் என்றும் அதில் இருக்கிறது: குமட்டல், வாந்தி, நாடி நிமிடத்துக்கு 35 வரை இறங்குவது, பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரிவது.

அந்த வரியை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டு இட்லி 240 வருடத்துக்கு முன்னாலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நான் இருப்பது தோவாளையில். இந்தக் கதையில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. விடியற்காலை பூச்சந்தைக்குப் போனால் சிவப்பும் வெள்ளையுமாக அரளி சாக்குச் சாக்காக வந்து இறங்கும். ஈரச் சாக்கைப் பிரித்ததும் வரும் வாசத்தில் அந்தப் பூவைப் பற்றித் தப்பாக எதுவும் தோன்றாது. ஆனால் அரளியில் இருக்கும் ஒலியாண்ட்ரின், டிகாக்சின் பிடிக்கும் அதே பம்பைத்தான் பிடிக்கிறது. வேலியோரம் நிற்கும் மஞ்சள் அரளியும் அப்படியே. இலங்கைத் தமிழர்கள் அதை அலரி என்பார்கள்; அதன் விதையால் அங்கே பல வீடுகளில் விபரீதம் நடந்து, ஆஸ்பத்திரிகளுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. டிகாக்சின் விஷத்தை முறிக்க ஆட்டின் உடம்பில் தயாரிக்கிற ஒரு மருந்து உண்டு. அதை அலரி விஷம் ஏறியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; தாறுமாறான துடிப்பு நேரானது என்று 2000இல் கட்டுரை வந்தது. ஐரோப்பியச் செடிக்குச் செய்த முறிமருந்து நம் வேலிச்செடிக்கும் செல்லுபடியானது. செடிக்குச் செடி தூரம் அதிகம், பூட்டு ஒன்றுதான்.

2024 மே மாதம், அரளி இலையைத் தின்ற ஒருவர் இறந்ததாகச் செய்தி வந்ததை ஒட்டி, கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி வேண்டாம் என்று முடிவு செய்தது. அன்று சந்தையில் அதைப் பற்றித்தான் பேச்சு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தானே இருந்தோம். எல்லை இந்தப் பக்கம் வந்ததால் அந்த முடிவு நம் கோயில்களுக்குப் பொருந்தாது. மாலையாகப் போடுவதால் சாமிக்கும் ஆபத்தில்லை, நமக்கும் இல்லை. வாயில் போடுவதில்தான் விஷயம்.

சரி, மருதம்பட்டைக்கு வருகிறேன். அதன் மேல் நான் போட்ட பழிக்குப் பரிகாரமாகவாவது கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் நீர்மருது என்பார்கள். குழித்துறை ஆற்றங்கரையில் பார்த்திருப்பீர்கள். வெளுத்த, வழவழப்பான மரம், பட்டை பிளவு பிளவாக உரிந்து விழும். காட்டில் நிற்கும் கருமருது வேறு. அதன் பட்டை கறுத்து, முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். மரமாக நிற்கும்போது குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும். காய்ந்து நொறுங்கிக் கடைக்கு வந்த பிறகு, பெரிய கண்ணுக்கே தடுமாறும்.

நெஞ்சு நோய்க்கு மருதம் என்பது ஆயுர்வேதத்தில் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழக்கத்தில் உள்ளது. நவீன முறையிலும் சோதித்திருக்கிறார்கள். 1995இல் இந்தூரில் 12 நோயாளிகளுக்கு, எந்த மருந்துக்கும் சரியாக மசியாத முற்றிய இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 500 மில்லிகிராம் பட்டைச் சாறு கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றம் தெரிந்தது. வாட்ஸப்பில் சுற்றும் செய்திகள் இந்த இடத்தில் நின்றுவிடும். பிறகு டெல்லி எய்ம்ஸில் 100 பேரை வைத்து, நாளுக்கு இரண்டு முறை 750 மில்லிகிராம், 12 வாரம் என்று இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு கூடவில்லை. நடமாடும் தெம்பு போன்ற சில விஷயங்களில் கொஞ்சம் நன்மை தெரிந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தால், மருதம் ஏமாற்றும் அல்ல, அற்புதமும் அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடி என்று சொல்ல அதில் எந்த ஆதாரமும் இல்லை.

மூலிகை என்றாலே சோதனையில் தோற்கும் என்று சொல்லவும் நான் வரவில்லை. மாமா தோட்டத்து வேலியில் கார்த்திகை மாதம் செங்காந்தள் தீப்பிடித்த மாதிரி பூக்கும். அந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும். அதில் இருக்கிற கால்ச்சிசினை, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க அரை மில்லிகிராம் மாத்திரையாக 2023இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மறு வருடமே, 7,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில், மாரடைப்பு வந்த உடனே கொடுத்தால் பலன் தெரியவில்லை என்று வந்தது. இப்படித்தான் ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே.

இன்னொரு குழப்பம் செம்பருத்தி. ரத்த அழுத்தம் குறையும் என்று ஆய்வு செய்தது சிவப்புப் புளிச்சையின் புல்லி வட்டத்தை; நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் செம்பருத்தி அதற்குச் சொந்தக்காரச் செடி, அவ்வளவுதான். அண்ணன் போட வேண்டிய கையெழுத்தைத் தம்பி போட்டால் பேங்கில் ஒத்துக்கொள்வார்களா?

மாமா வீடு திரும்பிய பிறகு, முன்சிறை பக்கம் எங்களுக்குப் பழக்கமான ஆசான் ஒருவரைப் பார்க்கப் போனேன். வர்மமும் சித்தமும் பார்க்கிற குடும்பம். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எம்புட்டு போட்டாரு?"

"தினமும் ஒரு பிடி."

"யாரு பிடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் எழுந்துபோய் ஒரு சின்னப் பித்தளைத் தராசையும், ஒரு டப்பாவில் குன்றிமணியும் கொண்டுவந்து வைத்தார். ஒரு குன்றிமணி 130 மில்லிகிராம். கழஞ்சு 5.1 கிராம். பலம் 35 கிராம். "பாலுல காய்ச்சுகதுன்னா பட்ட ஒரு பங்கு, பால் எட்டு பங்கு, தண்ணி முப்பத்திரண்டு பங்கு. தண்ணி வத்தி பால் மட்டும் மிஞ்சணும். இதுக்குத்தான் மருந்துன்னு பேரு. உங்க மாமன் குடிச்சது மரத்தக் கழுவுன தண்ணி" என்றார். அதிமதுரத்தைப் பற்றிக் கேட்டபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "காலு வீங்குகவனுக்கு நாள் கணக்கா அதிமதுரம் குடுக்கப்பிடாது. இது எங்க அப்பா காலத்துலயே உள்ள சங்கதி. ஏன் என்கிட்ட வந்து கேக்கல?"

திட்டுவார் என்று பயந்த இருவரில் டாக்டர் திட்டவில்லை; இவர் திட்டினார். நியாயமான திட்டு. குன்றிமணியைக் கையில் உருட்டிக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால் மில்லிகிராம் டிகாக்சின் மாத்திரை என்றால், ஒரு குன்றிமணி எடையை 520 பங்காக வைத்து அதில் ஒரு பங்கு. ரத்தத்தில் அது ஒரு மில்லிக்கு ஒரு நானோகிராம்கூட வேண்டாம். இரண்டைத் தாண்டினாலே விஷம்.

மாமா அளவு தெரியாத மனுஷரும் இல்லை. ரப்பர் பாலை டிஷ்ஷில் ஊற்றி உறைய வைக்க ஆசிட் கலக்கும்போது கண்ணளவை நம்பவே மாட்டார். அதற்கென்று ஒரு பழைய மூடி வைத்திருந்தார், அதில் அளந்துதான் ஊற்றுவார். கூடினால் ஷீட் விறைத்துப்போகும், குறைந்தால் காலையில் பால் கஞ்சியாகக் கிடக்கும். என்னைச் சின்ன வயதில் ஒரு தடவை அந்த மூடியைத் தொட்டதற்கு அடித்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, அவர் மருமகள் கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசை எடுத்து வைத்து, மிச்சமிருந்த மருதம்பட்டையை ஆளுக்கு ஒரு பிடி அள்ளி நிறுத்துப் பார்த்தோம். மாமி பிடி 29 கிராம். மாமா பிடி 46. என் பிடி 52. ஆக, மாமி கஷாயம் போட்ட நாளுக்கும் மாமாவே போட்டுக்கொண்ட நாளுக்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம். ஆயுர்வேத மருந்துக் கோவையில் மருதம்பட்டைப் பொடிக்குச் சொல்லியிருப்பது 3 முதல் 6 கிராம். அதிமதுரத்துக்கு 2 முதல் 4 கிராம். நான் வாங்கிக் கொடுத்த அரைக் கிலோவை ஆறு வாரத்தால் வகுத்தால் நாளொன்றுக்கு 12 கிராம் வருகிறது.

மாமா தராசையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கிழிந்த காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தை மாமியிடம் நீட்டி, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப்போக எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒண்ணுக்குப் போற மாத்திரை, காலை ஒன்று. மருதம்பட்டை, டாக்டர் சொல்லும்வரை நிறுத்தியிருக்கு. இஞ்சிச் சாறு, எப்போதாவது. கடைசி வரியை மட்டும் மாமி யாரும் சொல்லாமலே எழுதினாள்: அதிமதுரம், ஆறு வாரம், மருமவன் வாங்கித் தந்தது.